அந்தோணியாருக்கு நேர்ந்த பீர்க்கங்காய்

தங்கச்சிமடத்தில் ஜோஸ்லின் வீட்டுப் பின்பக்கம் போனால் முதலில் கண்ணில் படுவது வலைதான். கணவன் பிரடெரிக் கழித்துப் போட்ட பழைய நைலான் வலை. எட்டுச் சவுக்குக் கம்புகளை நட்டு, ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரத்தில் அந்த வலையை இழுத்துக் கட்டி அவள் பந்தல் போட்டிருந்தாள். பீர்க்கங்கொடிக்கு வலைக்கண் ரொம்பப் பிடிக்கும் என்பது அவளுடைய சொந்தக் கண்டுபிடிப்பு. கம்பியில் கட்டினால் வெயிலில் சூடேறிக் கொடியின் சுருள் கருகிப் போகும். வலையில் அந்தக் கதையே கிடையாது. காலையில் தொட்ட கண்ணியைச் சாயங்காலத்துக்குள் நாலு சுற்றுச் சுற்றிவிடும்.

மீன்பிடிக்கிற வீட்டுப் பெண்ணுக்குத் தோட்டம் எதற்கு என்று ஆரம்பத்தில் கேட்காத வாய் இல்லை. கேட்டவர்கள்தான் பிறகு பையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்கள். ஜோஸ்லின் பத்தொன்பது வயதில் பாம்பனிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள். இறால் உரிக்கப் போனாள், விரல் இடுக்கெல்லாம் வெந்துபோய் அதை விட்டாள். அப்புறம் மல்லிகை நாற்றுப் போடுகிற தோட்டத்துக்குக் கூலிக்குப் போனாள். இந்த மணலில் நாலடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும், அதில் என்ன வைத்தாலும் வரும் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டாள். மல்லிகை அவளுக்கு அலுத்துப்போனது. நாற்றைப் பிடுங்கிக் கட்டி யாருக்கோ அனுப்புகிறோம், பூக்கிறதை நாம் பார்ப்பதே இல்லையே என்று குறைபட்டுக்கொள்வாள். கண்ணெதிரே காய்க்கிற ஒன்று வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

அந்த ஆசைக்கு விதை கொடுத்தவள் இராமலட்சுமி. முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரி. மிளகாயும் ஆடும்தான் அவர்கள் பிழைப்பு. பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால், ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் இருவருடைய பிள்ளைகளும் மஞ்சள் காமாலையோடு பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தார்கள். ஒன்பது நாள். ஒருத்தி தூங்கும்போது மற்றவள் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டாள். பிரிகிற அன்றைக்கு இராமலட்சுமி, "எங்கம்மா வீட்டு வெதைத்தா, ஊரே கேக்கும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரமே ஒரு துணி முடிச்சில் பீர்க்கு விதையை பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினாள். ஜோஸ்லின் பதிலுக்கு நெத்திலிக் கருவாடு அனுப்பினாள். அதிலிருந்து வருசா வருசம் அது நடந்தது. கூடப் பிறந்தவர்களிடம் சொல்லாததை எல்லாம் இவர்கள் இரண்டு பேரும் போனில் பேசினார்கள்.

கொடி வளர்க்கிற வித்தை முழுவதையும் சொல்லிக் கொடுத்தவளும் இராமலட்சுமிதான். பந்தலைத் தொடுகிற வரைக்கும் பக்கக் கிளையைக் கிள்ளிவிட வேண்டும், தொட்ட பிறகு நுனியைக் கிள்ளிப் படரவிட வேண்டும். முதல் காய் பறித்ததும் அதன் நுனியில் ஒரு வில்லை நறுக்கிப் பச்சையாக நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். இனித்தால் விதைக்கு விடலாம். கசந்தால் அந்தக் கொடியை வேரோடு பிடுங்கிவிட வேண்டும். பன்னிரண்டு வருசமாக ஜோஸ்லின் நறுக்கி வாயில் வைத்தாள், ஒரு தடவைகூடக் கசக்கவில்லை. மீதியை அவளாகவே கற்றுக்கொண்டாள். கச்சான் காற்று உப்பைத் தூக்கிக்கொண்டு வரும் மாதங்களில் தென்மேற்கே ஓலைத் தட்டி கட்டுவாள், இலைகளை நல்ல தண்ணீர் தெளித்துக் கழுவிவிடுவாள். அந்தக் காற்றில் வண்டு அதிகம் வராது. அதனால் பீர்க்கு பூக்கிற சாயங்கால நேரத்தில் ஆண் பூவைப் பறித்து, பிஞ்சு தாங்கிய பூக்களில் தானே தடவிவிடுவாள். அதைப் பார்த்துப் பிரடெரிக் கேலி செய்வான். "கல்யாணத் தரகு பாக்குறியாடி?" என்பான். "ஆமா, ஒமக்கும் ஒண்ணு பாக்கவா?" என்பாள்.

போன கார்த்திகையில் பிரடெரிக் போன படகு திரும்பி வரவில்லை. எல்லை தாண்டினார்கள் என்று கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது என்ற செய்தி மறுநாள் மதியம் வந்தது. அக்கரைச் சிறையில் வைத்திருக்கிறார்கள், எப்போது விடுவார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஜோஸ்லின் பந்தல் பக்கமே போகவில்லை. விதைக்கு விட்ட காய்களெல்லாம் அடைமழையில் கொடியிலேயே அழுகி விழுந்தன. அந்த நாட்களில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு நேர்ந்துகொண்டாள். ஆள் உயிரோடு வந்து சேர்ந்தால், ஆனி பிறக்கும் முன் வருகிற திருநாள் சாப்பாட்டுக்கு என் பந்தலின் முதல் காய்ப்பு முழுவதும் உமக்கு. ஒரு பிஞ்சுகூட என் வீட்டு அடுப்புக்குப் போகாது. நீர் சாப்பிடுகிற வரைக்கும் நான் வாயில் வைக்க மாட்டேன்.

தை மாதக் கடைசியில் பிரடெரிக் வந்துவிட்டான். பாதி உடம்பாய் வந்தான், ஆனாலும் வந்தான். நேர்ச்சைக் கடன் கழுத்தில் ஏறியது.

விதை இல்லையே! ஜோஸ்லின் இராமலட்சுமிக்குப் போன் போட்டாள். நேர்ந்துகொண்டதை, அழுகிப்போன காயை, எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஒனக்கில்லாத வெதையா? அந்தோணியாருக்கு நானும் செஞ்சதா இருக்கட்டும்த்தா" என்றாள் இராமலட்சுமி.

நாலாவது நாள் முடிச்சு வந்தது. எப்போதும் வருவதைவிடப் பெரிய முடிச்சு. கறுப்பாய், பளபளப்பாய், நன்றாக விளைந்த விதை. ஜோஸ்லினுக்குக் கண் கலங்கிவிட்டது.

சித்திரை பிறக்க நாலு நாள் இருக்கும்போது ஊன்றினாள். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் பிரடெரிக்கும் கூடவே நின்றான். இரண்டு பேருமாகச் செம்மண் சுமந்து குழியில் போட்டு, ஆட்டுப் புழுக்கை கலந்து, காலையும் மாலையும் ஊற்றுத் தண்ணீர் மொண்டு ஊற்றினார்கள். கொடி ஏறிய ஏற்றத்தைப் பார்த்தால் அந்தோணியாரே கீழே நின்று தூக்கிவிடுகிற மாதிரிதான் இருந்தது. வைகாசி கடைசியில் பந்தலுக்கு அடியில் குனிந்துதான் போக முடிந்தது, அவ்வளவு காய். பிரடெரிக் ஒன்றைத் தடவிப் பார்த்து, "கொழம்புக்கு ஒண்ணே ஒண்ணு?" என்று கேட்டான். கையிலேயே ஒரு அடி வைத்தாள். வில்லை நறுக்கி நாக்கில் வைக்கும் வழக்கம் அவளுக்கு மறந்து போகவில்லை. புனிதருக்கு நேர்ந்ததை முந்திக்கொண்டு ருசி பார்க்க அவளுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். அந்த ஊரில் எந்தப் பெண்ணும் அப்படி ருசி பார்த்திருக்க மாட்டாள்.

திருநாள் அன்று விடிந்ததும் இரண்டு சாக்கு நிறையப் பீர்க்கங்காய் கோயில் சமையல் கொட்டகைக்குப் போனது. தலைமைச் சமையல்காரர் ஆன்டனி ராஜ், "இம்மாம் பெரிய காய் மதுரைல கூட வராது தாயி" என்று மெச்சினார். நானூறு பேருக்குச் சாம்பார், அப்பளம், பாசிப்பருப்புப் போட்டுப் பீர்க்கங்காய்க் கூட்டு. கூட்டு கொதித்து இறங்கியதும் உப்புப் பார்க்க அவர் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் ஊற்றி நக்கினார். நக்கியவர் அப்படியே திரும்பித் துப்பினார். கையாளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அவனும் துப்பினான். வேப்பங்காயைக் கடித்த கசப்பு. வெல்லம் போட்டார்கள், புளி கரைத்து ஊற்றினார்கள். எதுவும் எடுபடவில்லை. கடைசியில் இரண்டு பேர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய், கொட்டகைக்குப் பின்னால் மணலில் குழி தோண்டிக் கொட்டினார்கள். ஜோஸ்லின் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஜனங்கள் சாம்பாரும் அப்பளமுமாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிரடெரிக்கின் தங்கை ஆன்சிதான் கை கழுவுகிற இடத்தில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அண்ணியோட நேர்ச்சைய அந்தோணியார் ஏத்துக்கல போலயே" என்றாள். சுற்றி நின்ற பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பங்குச் சாமியார் கூப்பிட்டு, புனிதர்கள் மனசைத்தான் பார்ப்பார்கள், காயைப் பார்க்க மாட்டார்கள் என்று ஆறுதல் சொன்னார். அது அவள் காதில் ஏறவே இல்லை. தடைக்காலம் முடிய ஒரே நாள்தான் பாக்கி. நாளை மறுநாள் பிரடெரிக் கடலுக்குப் போகிறான். கொடுத்த உயிருக்கு ஈடாக நேர்ந்ததை வாங்கமாட்டேன் என்று அந்தோணியார் சொல்லிவிட்டார் என்றால் என்ன அர்த்தம்? கொடுத்ததைத் திருப்பி எடுக்கப் போகிறார் என்றுதானே அர்த்தம்?

அன்று சாயங்காலம் இராமலட்சுமிக்குத்தான் போன் போட்டாள். அழுகைதான் வந்தது. திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னாள்.

"சாமி காரியத்துல நம்ம என்னத்தா சொல்ல முடியும்?" என்றாள் இராமலட்சுமி. "எங்கயோ குத்தம் நடந்திருக்கும். நீ மீன் கையோட கொடியத் தொட்டியா?"

ஜோஸ்லின் யோசித்தாள். தொட்டிருப்பாள். மீன் வெட்டுகிற வீட்டில் எந்தக் கை மீன் கை, எந்தக் கை வெறுங்கை?

"தொட்டிருப்பேன்க்கா."

"அதான். அழுகாத. மறுபடி வேண்டிக்க. அடுத்த வருசம் சுத்தபத்தமா செஞ்சு குடு."

அந்தப் பேச்சை ஜோஸ்லின் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். குற்றம் தன் கையில்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். காய் இருந்த கொடியை அறுத்துப் போட்டாள். அதன்பின் மூன்று மாதம் அவள் பட்ட பாட்டை எழுதினால் படிக்கிறவர்களுக்குக் கோபம் வரும். திங்கள், புதன், சனி என்று வாரம் மூன்று நாள் படகு போகும். மூன்று நாளும் பிரடெரிக் வாசல் தாண்டும்போது இதுதான் கடைசி என்று பார்ப்பாள். திரும்பி வருகிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. வந்த பிறகும் நிம்மதி கிடையாது, அடுத்த நடை இருக்கிறதே. போகாதே என்று ஒருநாள் காலைப் பிடித்தாள். "அடுப்பு எரிய வேண்டாமாடி?" என்று அவன் அவளைத் தூக்கி நிறுத்திவிட்டுப் போனான். அவனுக்கும் உள்ளுக்குள் பயம்தான். போகும்போது மகனைத் தொட்டுவிட்டுப் போகத் தொடங்கியிருந்தான். இந்த நாட்களில் எல்லாம் அவள் அழுதது இராமலட்சுமியிடம்தான். இராமலட்சுமியும் சலிக்காமல் கேட்டாள், சலிக்காமல் தேற்றினாள்.

ஆவணிக் கடைசியில் ஜோஸ்லின் முதுகுளத்தூர் பஸ் ஏறினாள். மறுபடி நேர்ந்துகொள்வது என்று முடிவு செய்திருந்தாள். இந்தத் தடவை விதையைக்கூடப் பஸ்ஸில் வாங்கக் கூடாது, குளித்து முழுகி, தானே போய் இராமலட்சுமி கையால் வாங்க வேண்டும். சொல்லாமல் போனாள். போய்ச் சேரும்போது பதினொரு மணி. இராமலட்சுமி ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போயிருந்தாள். அவள் கணவன் பூமிநாதன்தான் வேப்ப மரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். கள்ளம் கபடம் தெரியாத மனுசன்.

"வாத்தா, வா! என்ன இம்புட்டுத் தூரம்? தண்ணி குடி."

தண்ணீரைக் குடித்துக்கொண்டே ஜோஸ்லின் கிணற்றடியைப் பார்த்தாள். சின்னதாய் ஒரு பந்தல். கொடி ஏறி, காய் பிடித்திருந்தது.

"காய் எப்புடிண்ணே இருக்கு?"

"இப்பத் தேவல. போன ஐப்பசில போட்டது பூராம் கசந்துபோச்சு, தெரியும்ல? வேலில பேய்ப்பீர்க்கு ஒண்ணு தானா மொளைச்சுக் கெடந்துச்சு. பாக்க நல்ல பீர்க்கு மாதிரியே இருக்கும், வாயில வைக்க முடியாது. அதோட பூந்தூளு நம்ம பூவுல ஒட்டிருச்சுன்னா அந்தக் காயி நல்லாத்தான் இருக்கும், அதுல எடுக்குற வெதை வெளங்காது. அந்த வெதையத்தான் ஐப்பசில போட்டோம். ஆடுகூட மோந்து பாத்துட்டுப் போயிருச்சு."

ஜோஸ்லின் செம்பைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கசப்புக் காய என்னண்ணே செஞ்சீங்க?"

"கொடியிலயே காய விட்டுட்டா. வெதை எதுக்குடின்னேன், கெடக்கட்டும்னா. நல்ல காலம், அதுக்கு முந்துன வருசத்து நல்ல வெதை ஒரு பிடி டப்பாவுல இருந்துச்சு. அதான் இந்தா ஏறி நிக்குது. ஏன், லெச்சுமி ஒன்ட்ட சொல்லலையா?"

அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் அவள் காதில் விழவில்லை. எழுந்து பந்தலுக்குப் போனாள். ஒரு காயைப் பறித்து, நுனியைக் கடித்தாள். இனித்தது. மாசி மாதம் அந்த ஒரு பிடி நல்ல விதை டப்பாவில் இருந்திருக்கிறது. பக்கத்திலேயே கசப்பு விதையும் இருந்திருக்கிறது. இராமலட்சுமி இரண்டையும் பார்த்து, எது எதுவென்று தெரிந்தேதான் கையை விட்டு எடுத்திருக்கிறாள்.

குழைக்கட்டோடு வந்த இராமலட்சுமி, பந்தலுக்கு அடியில் கடித்த காயோடு நிற்கிற ஜோஸ்லினைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். கட்டைத் தலையிலிருந்து இறக்கக்கூடத் தோன்றவில்லை.

"நீ வாரேன்னு சொல்லவே இல்லையேத்தா."

"சொல்லிருந்தா, நான் பாக்கக் கூடாதுன்னு இந்தக் கொடியையும் அறுத்திருப்பியாக்கா?"

கட்டு கீழே விழுந்தது. பூமிநாதன் எழுந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு பிடிதான் இருந்துச்சு" என்றாள் இராமலட்சுமி. குரல் இறங்கிவிட்டது. "அதையும் குடுத்துட்டா எங்கம்மா வெதை எனக்கு இல்லாமப் போயிரும். இல்லைன்னு சொல்ல வாய் வரல. நீ சாமிக்குன்னு கேக்குற. பூராமா கசந்துரும்? பத்துல ரெண்டு மூணு நல்லா வரும், அதை நீ குடுப்பன்னு நெனைச்சேன். நீதான் கிள்ளி வாயில வச்சுப் பாப்பியே, பாத்ததும் கசந்ததைப் பிடுங்கிப் போட்ருவன்னு நெனைச்சேன். சத்தியமா."

ஜோஸ்லின் கேட்டுக்கொண்டு நின்றாள். இதையெல்லாம் அவளால் புரிந்துகொள்ள முடிந்தது. அம்மா வீட்டு விதை, கடைசி ஒரு பிடி, ஆசை இருக்கத்தான் செய்யும். தானாக இருந்தாலும் தயங்கியிருப்பாள். ஆள் பேராசைப்பட்டாள் என்று நாலு நாள் பேசாமல் இருந்துவிட்டு ஐந்தாம் நாள் போன் போட்டிருப்பாள்.

"வெதைய விடுக்கா" என்றாள். "திருநா அன்னைக்கு சாயங்காலம் நான் போன் போட்டேன். அந்தோணியார் ஏத்துக்கல, எம் புருசன் போயிருவாருன்னு அழுதேன். அப்ப ஒனக்குத் தெரியும், அது ஒன் வெதைன்னு."

இராமலட்சுமி குனிந்து, சிதறிக் கிடந்த குழையைக் கூட்டினாள்.

"மீன் கையோட தொட்டியான்னு கேட்ட."

"பயத்துல வந்துருச்சுத்தா. வாயில வந்ததைச் சொல்லிட்டேன்."

"ஒரு நாள் பயம்னா சரி. மூணு மாசம்க்கா! அவரு ஒவ்வொரு நடை போறப்பயும் நான் செத்துச் செத்துப் பொழைச்சேன். அத்தனையும் ஒன்ட்டதான் சொன்னேன். உம் உம்னு கேட்டியே! எங்கையத் தேச்சுத் தேச்சுக் கழுவுறேன்னு சொன்னேன், அதுக்கும் நல்லதுன்னு சொன்னியே! அது கசப்பு வெதைடி, சாமி கோவம் இல்லைடின்னு ஒரு வார்த்தை சொல்ல ஒனக்கு மனசு வரலையே!"

இராமலட்சுமி உள்ளே ஓடிப்போய் ஒரு டப்பாவோடு வந்தாள். இந்தப் பந்தலில் விளைகிற விதை முழுவதும் உனக்குத்தான், இதில் மிச்சம் இருக்கிற பத்துப் பதினைந்தையும் இப்போதே கொண்டுபோ என்று கையைப் பிடித்தாள். அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. அது நிசமான அழுகைதான். ஜோஸ்லின் கையை உருவிக்கொண்டாள். பூமிநாதனைப் பார்த்து, "வாரேண்ணே" என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

ராமநாதபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பாதித் தூரம் வரைக்கும் கோபம் ஆறவில்லை. அப்புறம்தான் மெதுவாக ஒன்று அவளுக்கு உறைத்தது. அந்தோணியார் நேர்ச்சையை மறுக்கவே இல்லை. அவள் சுத்தமான மனசோடுதான் கொடுத்தாள், அவர் வாங்கிக்கொண்டார். நடுவில் புகுந்தது ஒரு பொம்பளையின் கை, அவ்வளவுதான். பிரடெரிக்குக்கு ஒன்றும் ஆகாது. நாளைக்குச் சனிக்கிழமை, அவன் போவான், வருவான். மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கிவிட்டது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இதை உடனே யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்று தவித்துப்போய்ப் போனை எடுத்தாள்.

பிரடெரிக் படகில் ஐஸ் ஏற்றுகிற நேரம், எடுக்க மாட்டான். ஆன்சியிடம் சொன்னால் நாளைக்கு ஊர் சிரிக்கும். இப்படிப்பட்டதைச் சொல்லி அழ ஜோஸ்லினுக்குப் பன்னிரண்டு வருசமாக ஒரே ஒரு ஆள்தான். கை பழக்கத்தில் அந்தப் பெயர் வரைக்கும் போய்விட்டது.